எட்டு பைட்டுக்கு மேலே காவல்: டிபக்கரில் அகலமான ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட் சேர்க்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாளில், எனக்குத் தம்பிமுறை ஆகும் ஒருவன், படகுக்காக நான் செய்துகொடுத்திருந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாம்பனில் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நான் மார்க் பண்ணுனது வடகடல்ல. ஒங்க பொட்டி அதத் தென்கடல்ல காட்டுது."

வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடாப் பக்கம். நடுவில் இராமேசுவரம் தீவே கிடக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு மார்க்கின் (பெயர் வைத்துச் சேமித்த இடக்குறியின்) அட்சரேகை 9.35 என்று இருக்க வேண்டியது, 9.001 என்று இருந்தது. 38 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிப்போயிருந்தது. இன்னொரு மார்க்கின் அட்சரேகை மைனஸ் பூஜ்யம், அதாவது நிலநடுக்கோடு. மூன்றாவதில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றுமே குப்பை. சில மார்க்குகள் மட்டும் சுத்தமாக இருந்தன.

மெமரியை யாரோ மிதித்துவிட்டுப் போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் கேள்வி. மூன்று மார்க்கும் மூன்று விதமாகக் கெட்டிருந்ததால் மூன்று பக் (நிரல் பிழை) இருக்கும் என்றே முதலில் நினைத்தேன். ஒரு மார்க் என்பது 48 பைட்: அட்சரேகை 8, தீர்க்கரேகை 8, நேரம் 8, ஆழம் 4, வேகம் 4, பெயர் 16. இந்த 48-ஐயும் மொத்தமாகக் காவல் போட்டு, எந்த வரி தொட்டாலும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி டிபக்கர்; மெமரியில் ஓர் இடத்தைத் தொட்டால் புரோகிராமை நிற்கவைக்கும் காவல் வாட்ச்பாயின்ட். அந்தக் காவலைச் சிப்பே செய்தால் ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட். சொந்தமாக எழுதி வைத்திருந்த சின்ன டிபக்கரில் ஒரு வாட்ச்பாயின்ட்டுக்கு 8 பைட்தான் உச்சவரம்பு. அந்த வரம்பை உடைத்த கதைதான் இந்த வழிகாட்டி. டிபக்கர் எழுதுகிறவர்களுக்கும், ஏற்கெனவே உள்ள டிபக்கரைத் திருத்துகிறவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

மென்பொருள் வாட்ச்பாயின்ட் போட்டால் அகலப் பிரச்சினையே இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அது ஒவ்வொரு கட்டளையாக நடத்தி, ஒவ்வொரு முறையும் மதிப்பை ஒப்பிடும் வேலை. நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும். கடலில் பதிவான எட்டு மணி நேர ஜிபிஎஸ் ஓட்டத்தை அப்படி ஓடவிட்டால் தடைக்காலமே முடிந்துவிடும்.

படி 1: சிப் என்ன தருகிறது, நடுவில் இருப்பவர் என்ன விடுகிறார்

முதலில் சிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல், ஏஎம்டி வகையில் காவலுக்கென நான்கு முகவரி ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்). ஒவ்வொன்றும் 1, 2, 4 அல்லது 8 பைட்டைப் பார்க்கும், அந்த அளவுக்கு ஏற்ற வரிசையில் முகவரி அமைந்திருக்கவும் வேண்டும். நான்கையும் சேர்த்தாலும் 32 பைட்தான். ஐபிஎம் பவர் வகையில் பவர்8 முதல் ஒரே ரெஜிஸ்டர் 512 பைட் வரை பார்க்கும், ஆனால் பவர்10-க்கு முந்தையவற்றில் அந்தப் பரப்பு 512 பைட் எல்லையைத் தாண்டக் கூடாது. பழைய பவர்9 சிப்களில் அந்த வன்பொருளிலேயே கோளாறு இருந்ததால் லினக்ஸ் அவற்றில் அதை அணைத்தே வைத்திருக்கிறது. ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் தொடக்க முகவரி, முடிவு முகவரி என்று இரண்டையும் நேராகவே கொடுத்துவிடலாம். அந்த வசதியைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நமக்கு வேண்டியது ஆர்ம்64, அதாவது 64-பிட் ஆர்ம் சிப். இதில் பொதுவாக 2 முதல் 16 வரை வாட்ச்பாயின்ட் ரெஜிஸ்டர் இணைகள் இருக்கலாம், கைக்குக் கிடைக்கும் பலவற்றில் 4 இருக்கும். ஒவ்வோர் இணையிலும் ஒன்று முகவரிக்கு, மற்றது கட்டுப்பாட்டுக்கு. பரப்பைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி பைட் தேர்வு. எட்டு பைட் கட்டம் ஒன்றுக்குள் எந்தெந்த பைட் வேண்டும் என்று எட்டு பிட்டால் சொல்வது. இரண்டாவது வழி மாஸ்க். முகவரியின் கடைசி எத்தனை பிட்டுகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று ஓர் எண்ணால் சொல்வது. மாஸ்க் 3 என்றால் 8 பைட், 6 என்றால் 64 பைட், 31 என்றால் 2 ஜிகாபைட். 1-ம் 2-ம் செல்லாது. மாஸ்க் போட்டால் பைட் தேர்வின் எட்டு பிட்டும் 1 ஆக இருக்க வேண்டும், முகவரியில் மறைக்கப்படும் பிட்டுகள் எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். இதை மீறினால் சிப் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சிப் இடம் கொடுத்தாலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கொடுக்க வேண்டுமே. படகுப் பெட்டிக்குள் இருப்பது ஆர்ம்64 லினக்ஸ் போர்டு. அதில் பீட்ரேஸ் (டிபக்கர்களுக்கு லினக்ஸ் திறந்துவைத்திருக்கும் வாசல்) வழியாக நாம் அனுப்பும் கட்டுப்பாட்டுச் சொல்லிலிருந்து, நான் படித்த கர்னல்கள் எடுத்துக்கொள்வது நாலே விஷயம்: ஆன்/ஆஃப், உரிமை நிலை, படிப்பா எழுதுவா, எட்டு பிட் பைட் தேர்வு. மாஸ்க் பிட்டுகளை எழுதி அனுப்பினால் பிழையும் வராது, அகலக் காவலும் விழாது. சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். எனக்கு ஒரு முழு மாலை இதில் போனது.

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் டிபக் ரெஜிஸ்டர் மதிப்புகளை த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) நிலையாக நேரடியாக எழுத முடிகிறது, மாஸ்க் வேலை செய்கிறது. டிபக்கர் புரோகிராமுக்கு அதற்கான உரிமையோடு கையொப்பம் இட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்எல்டிபி என்ற டிபக்கரும் மேக்கில் இந்த வழியாகத்தான் பெரிய காவல் போடுகிறது. ஆகவே போர்டில் பதிவான ஜிபிஎஸ் வரிகளை மேக்குக்குக் கொண்டுவந்து, அதே புரோகிராமை அங்கே ஓட்டினேன். பிழை அப்படியே மறுபடி வந்தது.

இங்கே எடுக்க வேண்டிய முடிவு: "இந்த சிப்பில் அதிகபட்சம் எத்தனை பைட்" என்ற ஒற்றை எண்ணை டிபக்கரின் மேல்தளத்தில் எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். பின்தளம் (சிப்போடும் கர்னலோடும் பேசும் பகுதி) ஒவ்வொன்றும் தன் திறனைத் தானே சொல்லட்டும்: இணைகள் எத்தனை, பைட் தேர்வு உண்டா, மாஸ்க் உண்டா, எழுதுவதற்கு முன் நிற்குமா, பின் நிற்குமா.

படி 2: கேட்டது ஒரு நோட்டில், போட்டது ஒரு நோட்டில்

என் பழைய டிபக்கரில் வாட்ச்பாயின்ட் என்பது ஒரே பொருள். பயனர் கேட்ட முகவரி, நீளம், ரெஜிஸ்டர் எண் எல்லாம் அதற்குள்ளேயே. எட்டு பைட் காலத்தில் இது ஒத்துவந்தது. அகலப்படுத்த ஆரம்பித்ததும் முதலில் உடைந்தது இதுதான்.

இரண்டாகப் பிரியுங்கள். பயனர் கேட்டதைக் கோரிக்கை என்போம். "ஹெக்ஸ் 4110-இலிருந்து 48 பைட், மாறினால் சொல்" என்பது கோரிக்கை (ஹெக்ஸ் என்பது 16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை; முகவரிகள் எல்லாம் அதில்தான்). வன்பொருளில் உண்மையில் விழுந்ததைக் காவல் என்போம். "ஹெக்ஸ் 4100-இலிருந்து 64 பைட், இணை எண் 2" என்பது காவல். ஒரு கோரிக்கைக்கு மூன்று காவல் தேவைப்படலாம். இரண்டு கோரிக்கைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே காவலைப் பகிர்ந்துகொள்ளலாம். எனவே காவலில் எத்தனை கோரிக்கைகள் தன்னை நம்பியிருக்கின்றன என்ற எண்ணிக்கை வேண்டும், அது பூஜ்யமானால்தான் ரெஜிஸ்டரை விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை கூடவே கண்காணிக்கும் பைட்டுகளின் நகல் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். இது ஏன் என்பது படி 5-இல் வரும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் மாஸ்க்கை மட்டும் ஒட்டவைக்கப் பார்த்தால், கேட்காத முகவரியில் நின்று கேட்காததைக் காட்டும் டிபக்கர்தான் கிடைக்கும். மூன்று நாள் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

படி 3: பரப்பைத் துண்டாக்குதல்

மாஸ்க் காவல் என்பது 2-இன் அடுக்கு அளவு, அந்த அளவின் மடங்கில் தொடங்க வேண்டும். நம் பொருள் அப்படி அமையாது. அதனால் முதலில் மிச்சமில்லாமல் சரியாகப் பொருந்தும்படி வெட்டுங்கள்:

    இடம் = தொடக்கம்
    மீதி = நீளம்
    மீதி இருக்கும் வரை:
        இடம் 8-இன் மடங்காக இல்லை, அல்லது மீதி 8-ஐவிடக் குறைவு என்றால்:
            துண்டு = அந்த 8 பைட் கட்டத்துக்குள் நமக்கு உரியது மட்டும்
            வகை = பைட் தேர்வு
        இல்லையென்றால்:
            துண்டு = இடத்தை மீதமின்றி வகுக்கும் 2-இன் அடுக்குகளில்
                    மீதியை மிஞ்சாத மிகப் பெரியது
            வகை = மாஸ்க் (8 என்றால் பைட் தேர்வே போதும்)
        பட்டியலில் சேர்
        இடத்தைத் துண்டு அளவு நகர்த்து, மீதியைக் குறை

என் மார்க் ஹெக்ஸ் 4110-இல் இருந்தது. 48 என்பது ஹெக்ஸில் 30, ஆக முடிவு 4140. இந்த வெட்டு இரண்டு துண்டு தரும்: 4110-இலிருந்து 16 பைட், 4120-இலிருந்து 32 பைட். இரண்டு ரெஜிஸ்டர், வெளியே ஒரு பைட்கூடச் சிந்தவில்லை.

ரெஜிஸ்டர் போதாதபோது? துண்டுகள் கையிருப்பைத் தாண்டினால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் எந்த ஜோடியைச் சேர்த்தால் வெளியே சிந்துவது குறைவோ, அந்த ஜோடியை ஒரே பெரிய கட்டமாக்குங்கள். போதும் வரை திரும்பச் செய்யுங்கள். மேலே சொன்ன இரண்டையும் சேர்த்தால் 4100-இலிருந்து 64 பைட் கட்டம் ஒன்று. ஒரே ரெஜிஸ்டர், கூடுதலாக 16 பைட் மாட்டிக்கொள்கிறது. அதே 48 பைட் 4130-இல் தொடங்கியிருந்தால் கதை வேறு. 64 பைட் கட்டம் 4140-ஓடு முடிந்துவிடும், நம் பொருள் 4160 வரை போகும். ஒரே காவலில் அடக்க 128 பைட் கட்டம் வேண்டும், 80 பைட் வீண். அந்த இடத்தில் இரண்டு ரெஜிஸ்டர் கொடுப்பதே மேல்.

எவ்வளவு சிந்தினால் பரவாயில்லை? இதற்குச் சூத்திரம் கிடையாது. தவறாக விழும் ஒவ்வொரு நிறுத்தமும் புரோகிராமிலிருந்து கர்னல், கர்னலிலிருந்து டிபக்கர், திரும்ப அதே வழி என்று ஒரு முழுப் பயணம். சிந்தும் 16 பைட்டில் யாரும் எட்டிப்பார்க்காத மாறி இருந்தால் செலவே இல்லை. அங்கே ஒரு லூப் எண்ணி உட்கார்ந்திருந்தால் புரோகிராம் நத்தையாகிவிடும். ரெஜிஸ்டர் காலியாக இருக்கும்வரை சரியான வெட்டு, இல்லாதபோது மட்டும் சேர்ப்பு என்று நான் வைத்துக்கொண்டேன். சேர்க்கப்பட்ட கட்டம் 4096 பைட்டைத் தாண்டினால் என் டிபக்கர் மறுத்துவிடும். 2 ஜிகாபைட் வரை போகலாம் என்று கையேடு சொல்வதால் போக வேண்டும் என்று இல்லை.

படி 4: ரெஜிஸ்டரில் எழுதுதல்

கட்டுப்பாட்டுச் சொல்லின் பிட்டுகளைக் கீழிருந்து எண்ணுங்கள். 0: ஆன். 1, 2: உரிமை நிலை; பயனர் புரோகிராமுக்கு இதன் மதிப்பு 2. 3, 4: படிப்பு 1, எழுத்து 2, இரண்டும் 3. 5 முதல் 12 வரை: பைட் தேர்வு. 24 முதல் 28 வரை: மாஸ்க்.

எழுதுவதை மட்டும் பார்க்கும் 64 பைட் காவலுக்குக் கணக்கு இப்படி: 1 + 4 + 16 = 21. பைட் தேர்வு எட்டும் 1 என்பதால் 255 × 32 = 8160. மாஸ்க் 6 × 16777216 = 100663296. மொத்தம் 100671477. உங்கள் டிபக்கர் வேறு எண் அச்சிட்டால் எங்கோ ஒரு பிட் நகர்ந்திருக்கிறது. முகவரி ரெஜிஸ்டரில் 4110 அல்ல, 4100 போக வேண்டும், கடைசி 6 பிட்டும் பூஜ்யமாக.

இரண்டு எச்சரிக்கைகள். டிபக் ரெஜிஸ்டர்கள் த்ரெட்டுக்கு த்ரெட் தனி. இப்போதுள்ள எல்லா த்ரெட்டிலும் எழுதினால் போதாது, பிறகு பிறக்கும் த்ரெட்டிலும் முதல் கட்டளை ஓடும் முன் எழுத வேண்டும். அடுத்து, மூன்று துண்டில் இரண்டு விழுந்து மூன்றாவது தோற்றால், விழுந்த இரண்டையும் எடுத்துவிட்டு முழுக் கோரிக்கையும் தோற்றது என்று சொல்லுங்கள். பாதிக் காவல் இல்லாததைவிட மோசம். "நிற்கவில்லையே, அப்படியென்றால் யாரும் தொடவில்லை" என்று நம்பி அடுத்த இடத்துக்குத் தேடப் போய்விடுவீர்கள்.

படி 5: நின்றதும் என்ன செய்வது

முழு வேலையும் இங்கேதான். மேலே சொன்னதெல்லாம் ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும்.

வலை இழுத்தால் வேண்டிய மீனோடு சங்காயமும் வரும். எங்கள் பக்கம் விலைபோகாத பொடிமீனை அப்படித்தான் சொல்வோம். 64 பைட் வலை போட்டு 48 பைட்டுக்கு மீன் தேடுகிறோம். பிரித்தெடுப்பது நம் பொறுப்பு. நான் முதலில் எழுதிய விதி எளிமையானது: நின்றபோது சிப் ஒரு முகவரியைச் சொல்லும். அது கோரிக்கைக்குள் இருந்தால் பயனருக்குச் சொல். வெளியே இருந்தால் சங்காயம், சத்தமில்லாமல் தொடர். நியாயமாகத்தான் பட்டது.

பதிவை ஓட்டினேன். டிபக்கர் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் முடிவில் மார்க் கெட்டிருந்தது.

உள்ளே அச்சிட்டுப் பார்த்தால், 4106 என்ற முகவரியில் ஒரு நிறுத்தம் வந்திருக்கிறது. 4106, 4110-க்கு முன்னால். எனவே என் விதி அதைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டது. நான் தேடியதே அந்த மீனைத்தான்.

4106 எங்கிருந்து வந்தது? மார்க்குகள் வரிசையாக அடுக்கப்பட்டவை. 4110-க்கு முந்தைய 16 பைட், முந்தைய மார்க்கின் பெயர். ஆரம்பத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருந்தன. தமிழில் வேண்டும் என்று தம்பி கேட்டதால் சேர்த்துக்கொடுத்தேன். யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "பாம்பன்" என்பதில் ப, கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என்று 7 குறியீடுகள், 21 பைட், முடிவுப் பூஜ்யத்தோடு 22. பெயருக்கு இருந்த இடமோ 16.

22 பைட்டை நகலெடுக்கும்போது, நல்ல நகல் நிரல் பைட் பைட்டாக எழுதாது. முதல் 16 பைட்டை ஒரே எழுத்தாகவும், கடைசி 16 பைட்டை இன்னொரு எழுத்தாகவும், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதிவிடும். இரண்டாவது எழுத்து 4106-இல் தொடங்கி 4115 வரை போகிறது. தொடக்கம் வேலிக்கு வெளியே, கால் வேலிக்கு உள்ளே. ஆர்ம் சிப் சொல்லும் முகவரி, தொட்ட பைட்டின் முகவரியாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை; அந்தக் கட்டளை தொட்ட மிகத் தாழ்ந்த முகவரியாகவும் இருக்கலாம். சரியான வெட்டாக இரண்டு துண்டு போட்டிருந்தாலும் இதே 4106 வரலாம். அப்போது அது எந்தக் காவலின் பரப்புக்குள்ளும் இருக்காது. நிரல் "இது யாருடையது" என்று விழிக்கும். லினக்ஸ் கர்னல் இத்தகைய நேரத்தில் அருகில் உள்ள காவலைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. நீங்களும் அதையே செய்யலாம்.

ஆகவே முகவரி வெறும் துப்பு. தீர்ப்பு மதிப்பில்தான். ஆர்ம்64 எழுதுவதற்கு முன்பே நிற்கும் என்பதால் வரிசை இது:

    மற்ற த்ரெட்டுகளை நிறுத்திவை
    இந்த த்ரெட்டின் காவல்களை எடு
    ஒரே ஒரு கட்டளை நடத்து
    காவல்களைத் திரும்பப் போடு
    ஒவ்வொரு கோரிக்கைக்கும்:
        இப்போதைய பைட்டுகளை நகலோடு ஒப்பிடு
        மாறியிருந்தால் பயனருக்குச் சொல், நகலைப் புதுப்பி
    எதுவும் மாறவில்லை என்றால் சத்தமில்லாமல் தொடர்

இன்டெல் வகையில் எழுதிய பிறகே நிற்கும், காவலை எடுப்பது, கட்டளை நடத்துவது, திரும்பப் போடுவது என்ற மூன்று வரிகள் தேவையில்லை. மற்ற த்ரெட்டுகளை நிறுத்தும் வரியைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடாதீர்கள். காவல் இல்லாத அந்த ஒரு கட்டளை நேரத்தில் இன்னொருவன் எழுதிவிட்டால் பழி தவறான ஆள்மேல் விழும். பயனரே டிபக்கரிலிருந்து மாறியின் மதிப்பை மாற்றினாலும் நகலைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் அவரையே திருடன் என்று காட்டுவீர்கள்.

"மாறினால் சொல்" என்ற கோரிக்கைக்கு இது கச்சிதம். அதனால்தான் அகலக் காவலில் அதையே இயல்பாக வைக்க வேண்டும், எல்எல்டிபியும் அப்படித்தான் வைத்திருக்கிறது. "எழுதினாலே சொல், மதிப்பு மாறாவிட்டாலும்" என்று கேட்டால் ஒப்பீடு உதவாது. நின்ற கட்டளையைப் பிரித்து, அது எங்கே தொடங்கி எத்தனை பைட் எழுதுகிறது என்று கணக்கிட வேண்டும். படிப்பதைப் பிடிக்கும் காவலிலும் அதே நிலை. என் நிரலில் பிரிக்கத் தெரியாத கட்டளை வந்தால் பயனருக்குச் சொல்லிவிடுகிறேன், "சந்தேகம்" என்ற சொல்லோடு. சங்காயத்தைத் தட்டில் வைப்பது மரியாதைக் குறைவுதான், ஆனால் மீனை வீசுவது அதைவிடப் பெரிய தப்பு.

பூட்டு மாறி ஒன்றைப் படிப்பு, எழுத்து இரண்டுக்கும் காவல் போட்டால் இன்னொரு சிக்கல். ஆர்மின் பிரத்தியேகப் படிப்பு, பிரத்தியேக எழுத்து (நடுவில் குறுக்கீடு வந்தால் தோற்கும் எழுத்து) இணைக்கு நடுவில் நீங்கள் நிறுத்தி நடத்தினால் அந்த எழுத்து தோற்கும், லூப் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும், முடிவே வராது. அந்த இணையைக் கண்டால், லூப்பின் வெளியே ஒரு பிரேக்பாயின்ட் (அந்தக் கட்டளை வந்ததும் நிறுத்தும் குறி) வைத்து அதுவரை ஒரே மூச்சில் ஓடவிடுங்கள்.

படி 6: தொலைவில் இருக்கும் ஸ்டப்

டிபக்கர் ஒரு பக்கம், ஸ்டப் (மறுமுனை இயந்திரத்தில் டிபக்கருக்காக வேலை செய்யும் சிறு நிரல்) இன்னொரு பக்கம் என்றால், ஜிஎன்யூ டிபக்கரின் தொலைநிலை நெறிமுறையில் இசட்2 பாக்கெட் எழுத்துக் காவல், இசட்3 படிப்பு, இசட்4 இரண்டும். முகவரியோடு நீளமும் போகிறது, ஆகவே 48 என்று அனுப்பத் தடையில்லை. பழைய ஸ்டப் என்ன செய்யும் என்பதுதான் பயம். பிழை திருப்பினால் நல்லவன். என் பழைய ஸ்டப் 48-ஐ வாங்கி 8 ஆக வெட்டிப் போட்டுவிட்டு "சரி" என்று சொன்னது. தொடக்கக் கைகுலுக்கலிலேயே மாஸ்க் தெரியுமா, பைட் தேர்வு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாத ஸ்டப்புக்கு 8 பைட்டுக்கு மேல் அனுப்பாதீர்கள். துண்டாக்குவதை மேலிருந்தே செய்து தனித்தனிப் பாக்கெட்டாக அனுப்புங்கள்.

படி 7: சோதனை

512 பைட் வரிசை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை 0 முதல் 63 வரை நகர்த்துங்கள், நீளத்தை 1 முதல் 128 வரை கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் காவல் போட்டு, முழு வரிசையிலும் ஒவ்வொரு பைட்டாக எழுதுங்கள். உள்ளே எழுதினால் சொல்ல வேண்டும், வெளியே எழுதினால் வாய் திறக்கக் கூடாது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

என் முதல் விதி இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பைட் எழுத்து வேலியைத் தாண்டாது. எனவே வேலியின் இரு பக்கமும் காலை நீட்டும் 16 பைட் எழுத்துகளைத் தனியாகச் சோதியுங்கள். மெமரியைக் கட்டம் கட்டமாகப் பூஜ்யமாக்கும் கட்டளையையும் சேருங்கள், அது பல சிப்களில் ஒரே அடியில் 64 பைட்டை அழிக்கும். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக மெமரியில்) உள்ள பொருளுக்குக் காவல் போட்டு, ஃபங்ஷன் திரும்பியதும் காவல் தானாக விலகுகிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியின் பிழை

ஒப்பீடு சேர்த்த பிறகு முதல் ஓட்டத்திலேயே டிபக்கர் நின்றது. பெயர் மாற்றும் ஃபங்ஷன், நகல் வரி, 4110-இலிருந்து 6 பைட் மாறியது என்று காட்டியது. மூன்று பக் என்று நினைத்தது ஒன்றே ஒன்றுதான், பெயரின் நீளம்தான் வேறு வேறு. "பாம்பன்" அடுத்த மார்க்கின் அட்சரேகையில் 6 பைட்டை மிதித்தது, 9.35 போய் 9.001 வந்தது. "தனுஷ்கோடி" 28 பைட், அட்சரேகை முழுவதும் போய்த் தீர்க்கரேகையின் நாலு பைட்டும் போனது, மைனஸ் பூஜ்யம் அதனால்தான். "தேவிபட்டினம்" 37 பைட், நேரம் வரை காலை நீட்டியது.

ஆரம்பத்தில் நான் சோதித்துப் பார்த்த பெயர் "தொண்டி". அது 19 பைட், மூன்றே பைட் வழிந்தது. அவை அட்சரேகையின் மிகச் சிறிய இலக்கங்கள். அதிகபட்சம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

பெயர் இடத்தை 64 பைட்டாக்கினேன், அதற்கும் மேல் போனால் எழுத்தின் நடுவில் அறுக்காமல் வெட்டும்படி செய்தேன். மார்க் இப்போது 96 பைட்.

படகிலேயே லினக்ஸ் போர்டில் தேட வேண்டி வந்தால் மாஸ்க் கிடையாது. நாலு இணை இருந்தாலும் 32 பைட்தான். அங்கே இரண்டு வழி வைத்திருக்கிறேன். பொருளின் எந்தப் பகுதி முக்கியம் என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது ஒன்று. முழுப் பக்கத்துக்கும் எழுதும் உரிமையைப் பறித்து, எழுத வருகிறவரைப் பிழை சிக்னலில் பிடிப்பது இன்னொன்று. இரண்டாவது மெதுவானது, பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். அதோடு, சிஸ்டம் கால் வழியே கர்னல் அங்கே எழுத வந்தால் சிக்னல் வராது, அந்த அழைப்பு தோற்றுத் திரும்பும், புரோகிராமின் போக்கே மாறிவிடும். கடைசி வழி என்றுதான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14 மாலை பெட்டியைத் திரும்பக் கொடுத்தேன். தம்பி முதல் வேலையாக ஒரு மார்க்குக்கு "தம்பி வலை கிழிஞ்ச பார்" என்று பெயர் வைத்தான் (பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு). 19 குறியீடு, மூன்று இடைவெளி. எண்ணிப் பார்த்தேன், பூஜ்யத்தோடு 61. மூன்றே பைட் மிச்சம்.